நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் ஏரி

கல்யாணமான வருடம் குற்றாலத்தில் நாங்கள் தங்கிய ரூமும், பத்து வருடம் கழித்துத் தங்கிய ரூமும் ஒன்றேதான். மாடியில் நாலாம் நம்பர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் சுவர். அருவி பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிற இடத்தில், அருவியும் தெரியாமல் மலையும் தெரியாமல் ஒரு ஜன்னல் வைத்த மகராசன் யாரோ. அந்தச் சுவரில் எந்த வருடம் எவ்வளவு உயரம் பாசி ஏறியிருந்தது என்று என்னைக் கேட்டால் இப்போதும் சொல்லுவேன்.

முதல் வருடம் ஈரத்துணி காயப்போட என் வீட்டுக்காரர் அந்த ரூமில் இரண்டு ஆணி அடித்துக் கயிறு கட்டினார். லாட்ஜ்காரர் அந்த ஆணிகளைப் பிடுங்கவே இல்லை. வருடா வருடம் நாங்கள் படியேறும்போது, "வாங்க சிவகாசி. கயிறு கொண்டாந்திருக்கீயளா?" என்று கேட்பார். இவருக்கு அதில் அப்படி ஒரு பூரிப்பு. பையைத் திறந்து, சுருட்டி வைத்த கயிற்றை எடுத்துக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருத்தங்கல். சிவகாசி என்று சொன்னால்தான் வெளியூரில் தெரியும் என்பதால் எல்லோருக்கும் நாங்கள் சிவகாசிக்காரர்கள். அவருக்கு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. நாலு கலர் மெசினை ஓட்டுகிற மெசின்மேன். அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைப் புத்தகமாகக் கட்டி ஆடிப் பதினெட்டு அன்று பூசை போட்டு வெளியிடுவார்கள். அதற்கு ஆல்பம் என்று பெயர். ஆல்பம் வந்துவிட்டால் பிறகு தை பிறக்கும் வரை சீசன், மூச்சு விட முடியாது. ஆல்பத்துக்கான படங்களை அடித்து முடித்த பிறகு, ஆனி மாதக் கடைசியில் நாலு நாள் கிடைக்கும். குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரமும் அதுதான். ஆமத்தூரிலிருந்து நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். புளிச்சோறு, நல்லெண்ணெய், அந்தக் கயிறு. ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி. எந்த ஊரில் பஸ் எத்தனை நிமிடம் நிற்கும், எந்தக் கடையில் இவர் டீ குடிப்பார், குடித்துவிட்டு என்ன சொல்லுவார் என்பது வரை எனக்கு மனப்பாடம்.

இதில் எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், உலகத்தில் உள்ள இடமெல்லாம் எங்கள் வீட்டுக்குள்தான் கிடந்தது. மெசினில் கலர் சரியாக வரும்வரை ஓடுகிற தாள்களைக் கழித்துப் போடுவார்கள். அந்த வேஸ்ட் ஷீட்டுகளைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். மகளின் கணக்கு நோட்டுக்கு அட்டை சுவிட்சர்லாந்து, அறிவியல் நோட்டுக்கு நயாகரா, மாவு டப்பா நிற்கிற தட்டில் காஷ்மீர். நான் காலண்டர் அட்டையில் தேதிக் கட்டை வைத்துப் பின் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேயும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பனிமலையும் பூந்தோட்டமும் என் கைக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்து ஆசைப்படுகிறவளுக்கு ஆனி பிறந்தால் பாசி பிடித்த சுவர்.

எங்கேயாவது புது இடத்துக்குப் போகலாம் என்று நான் ஆரம்பித்தால் இவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஊட்டியா? அது பாத்த இடம்தான."

"எப்பப் பாத்தீக?"

"போன மாசம் மூணு நாள் மெசின்ல ஓடுச்சே. பச்சை தூக்கலா இருக்குன்னு ரெண்டு தடவை நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டுனேன்."

"நீங்க பாத்தீக. நான் பாக்கல."

"நீயும்தான் பின் அடிச்ச."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெஞ்சார அப்படி நம்பினார். ஒரு படத்தை லட்சம் தடவை அச்சடித்தவனுக்கு அந்த இடத்தில் புதிதாகப் பார்க்க என்ன மிச்சம் இருக்கும் என்பது அவர் கட்சி. குற்றாலத்தை மட்டும் அவர் மெசினில் ஒருநாளும் யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லையாம். அங்கே போனால்தான் கலரை யோசிக்காமல் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறதாம். ஒருநாள் மனம் விட்டுப் பேசும்போது இதைச் சொன்னார். கேட்கும்போது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தே பத்து வருடம் போய்விட்டது.

நாத்தனார் இதில் அவரையும் மிஞ்சியவள். "பழகுன இடம்னா பாத்ரூம் எங்கனன்னு தேட வேண்டாம்ல மதினி" என்பாள். நாலு நாள் போகிற இடத்தில் பாத்ரூமைத் தேட எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பழக்கம் பிரஸ்ஸுகளில் பரவிய சமயத்தில். ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்தப் படத்தின் நம்பர் அது. மலைச் சரிவு முழுக்கத் தேயிலை. அடியில் அசையாத ஏரி. ஏரிக்கரையில் நீலக் கூரை போட்ட சின்ன வீடு. வீட்டு முன்னால் ஒரு மரப் பெஞ்சு, அதில் யாரும் இல்லை. கீழே சிறிய எழுத்தில் மூணாறு என்று போட்டிருந்தது. அதை நான் நோட்டு அட்டையாக்க விடவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன்.

அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. யாரும் கூப்பிடாமல், யாருக்கும் எண்ணெய் தேய்த்துவிடாமல், அரைமணி நேரம். அதைவிட, நான் ஒரு பக்கம் கையைக் காட்டி, அந்தப் பக்கம் எல்லோரும் நடந்து வர வேண்டும் என்று இருந்தது. கல்யாணமும் அவர்கள் பார்த்தது, வீடும் அவர்கள் பார்த்தது, குடும்பத்தோடு குளிக்கிற அருவிகூட அவர்கள் பார்த்து வைத்தது. நான் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல அந்தக் கதவில் ஒட்டிய தாள் ஒன்றுதான் இருந்தது. மூன்று வருடம் தோசை சுட்டுக்கொண்டே அதைப் பார்த்தேன்.

மே மாதத்தில் போகலாமே, பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் லீவு என்பேன். ஆல்பம் ஓடுகிற நேரம், மே மாதத்தில் லீவு என்று வாயைத் திறக்கவே முடியாது என்பார். அப்படி இருக்கையில் ஒரு மே மாதம் மெசினில் ஏதோ தேய்ந்துபோய், புதுச் சாமான் வடக்கிலிருந்து வரவேண்டும் என்று மெசினை நிறுத்திவிட்டார்கள். வெயில் கொளுத்துகிறது, மனிதர் வீட்டில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். நான் விடவில்லை. "இந்தத் தடவை மூணாறு. இல்லைன்னா ஆனிக்கு நீங்களும் ஒங்க தங்கச்சியும் குத்தாலம் போய்க்கோங்க, நான் வரல" என்றேன்.

பெரிய சண்டையை எதிர்பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன். அவரோ விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, போவோம்" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. கதவில் இருந்த தாளை ஓரம் கிழியாமல் உரித்து, எட்டாக மடித்துப் பையில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது எதுக்கு?"

"எடம் கேக்க வேண்டாமா?"

அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சவரம் பண்ணப் போய்விட்டார். அன்றைக்கு அதை நான் கவனித்தும் கவனிக்காதவளாக இருந்துவிட்டேன். சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது.

தேனி, போடி, அப்புறம் மலை. வளைவுகளில் மகள் எலுமிச்சம் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு என் மடியில் கிடந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மேலே போனால் எங்களுக்கு முன்னாலேயே ஊர் உலகமெல்லாம் வந்து நிற்கிறது. ஏழு லாட்ஜ் ஏறி இறங்கி ஒரு ரூம் கிடைத்தது, ஆறாம் நம்பர். கம்பளியில் பழைய ஈர வாடை. இவர் சுவரைத் தடவிப் பார்த்து, "ஆணி இறங்காது" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீக்கடைக்காரரிடம் காட்டினேன். அவர் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அணைக்கட்டாக இருக்கும் என்றார். ஒரு ஜீப் பேசி அணைக்கட்டுக்குப் போனோம். தண்ணீர் இருந்தது, படகு இருந்தது, சுற்றிலும் கூட்டம் இருந்தது. நீலக் கூரை இல்லை. பெஞ்சு இல்லை.

மகள் படகில் போகலாம் என்றாள்.

"இது நம்ம ஏரி இல்லடி. அங்கன போய் ஏறுவோம்" என்றேன்.

ஜீப் ஓட்டியவர் அங்கேயே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல பொறுமைசாலி. இன்னொரு நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் மகள் படகு கேட்டாள், அங்கேயும் நான் விடவில்லை. மறுநாளும் அதே கதை. தாளைப் பிரிப்பேன், மலையைப் பார்ப்பேன், இல்லை என்பேன், மடிப்பேன். கண்ணுக்கு முன்னால் பச்சைப் பசேலென்று மலை மலையாக நின்றது. நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இவர் பின் சீட்டில் பேசாமல் வந்தார். பத்து வருடத்தில் இவ்வளவு அடக்கமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு வளைவில் நானே ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். அந்த மலை. அதேதான். உச்சியில் இடது பக்கம் பல் உடைந்ததுபோல ஒரு பாறை, அதற்குக் கீழே தேயிலைக்குள் இரண்டாகப் பிரிகிற பாதை, தாளில் இருப்பது அப்படியே இருந்தது. தாளை உயர்த்திப் பிடித்து, மலையின் அடிவாரத்துக்குக் கண்ணை இறக்கினேன். ஏரி இருக்க வேண்டிய இடத்தில் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்றன. கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு லாரி நின்றது.

"ஏரிய தூத்துட்டாங்களா?" என்று ஜீப்காரரிடம் கேட்டேன்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து இங்க லயன் வீடுதான்க்கா" என்றார். தாளை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, "இது கம்ப்யூட்டர்ல சேர்த்த படம் மாதிரில்ல இருக்கு" என்று இவரிடம் நீட்டினார்.

இவர் கையில் வாங்கவில்லை. தாளைப் பார்க்காமலேயே, கரையும் தேயிலையும் சேருகிற இடத்தில் விரலை வைத்தார். "இங்கன ஒட்டு இருக்கு. மலை வேற படம், ஏரி வேற படம். ஏரி ஏதோ வெளிநாடு. ஒட்டு தெரியக் கூடாதுன்னு செடிய வச்சு மறைச்சிருக்காக" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"பிளேட் மாட்டும்போதே தெரியும்."

மூன்று வருடம். நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு தோசை சுட்ட மூன்று வருடமும் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் தோசையைத் தின்றிருக்கிறார். பையில் மடித்து வைக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். இரண்டு நாளாக ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

அவர் ஜீப் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா நீ இன்னொரு படத்தைத் தூக்கிட்டு வருவ. ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டீன்னா ஆசை விட்டுப்போயிரும்னு நினைச்சேன்."

அந்த ஆளைக் குறை சொல்ல முடியாத ஒரு விஷயம், பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே அந்த வார்த்தை அப்படி அறுத்தது. என் ஆசையை நிறைவேற்ற அவர் என்னை அங்கே கூட்டிவரவில்லை. அதைத் தீர்த்துக்கட்டக் கூட்டிவந்திருக்கிறார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் வாங்கி வந்த பஜ்ஜியையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்ப மத்தியானம்தான் பஸ். காலையில் மகள் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "அம்மா, நம்ம ஏரிதான் இல்லைல்ல. இப்ப அந்தப் படகுல போலாமா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், இரண்டு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உறைத்தது. மெசின் பக்கத்தில் நின்று மாதிரித் தாளோடு கலரை ஒப்பிட்டுப் பார்க்கிறவரைக் கேலி பண்ணுவேனே, அந்த வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை, அது தனி.

முதல் நாள் பார்த்த அணைக்கட்டுக்கே போனோம். படகின் பலகை ஈரமாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டைப் பிரித்து விரித்து, அதன் மேல் உட்கார்ந்தேன். பனி விலகியும் விலகாமலும் இருந்தது. மகள் தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள். எந்தத் தாளிலும் பார்க்காத ஒரு கறுப்புப் பறவை ஒற்றைக் கட்டையில் உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்தது. எனக்கு நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாமே என்று அழுகையும் வந்தது. இவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதர் வாயைத் திறந்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பச்சைய மெசின்ல கொண்டுவர முடியாது" என்றார். உள்ளுக்குள் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இனிமேல் இவருக்கும் புது இடத்தின் ருசி தெரிந்துவிட்டது, அடுத்து எங்கே, அதற்கடுத்து எங்கே என்று படகு கரைக்கு வருவதற்குள் மனசுக்குள் பெரிய பட்டியலே போட்டுவிட்டேன்.

லாட்ஜைக் காலி பண்ணும்போது நான் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினேன். பின்னால் அவர் குரல் கேட்டது. லாட்ஜ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கையில் போன் வாங்கிய புதிது. லாட்ஜ் நம்பரை அதில் பதிந்துகொண்டே சொன்னார்:

"அடுத்த மே மாசமும் வருவோம். இதே ஆறாம் நம்பர் ரூம் எங்களுக்குப் போட்டு வச்சிருங்க. நாங்க சிவகாசி."

நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் எங்கள் ஊரில் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். ஆனியில் குற்றாலம் நிற்கவில்லை, நாலாம் நம்பர் ரூம், பாசிச் சுவர், நாத்தனார். அதோடு மே மாதம் மூணாறு, ஆறாம் நம்பர் ரூம். மே மாதத்தில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது என்றவர், வாயைத் திறந்து கேட்டார், கொடுத்தார்கள். இரண்டாம் வருடமே எப்படியோ அந்தச் சுவரில் ஆணி இறக்கிவிட்டார். மூன்றாம் வருடம் டீக்கடைக்காரர், "வாங்க சிவகாசி" என்றார். அதே ஜீப், அதே வளைவு, அதே படகு. "ஒனக்குப் பிடிச்ச இடமாச்சேன்னுதான வாரோம்" என்று என்னிடமே சொன்னார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நாலாம் வருடம் சித்திரை மாதத்தில், அவர் கொண்டுவந்த வேஸ்ட் ஷீட் கட்டில் ஐந்நூற்று முப்பத்தெட்டாம் நம்பர் கிடைத்தது. தரங்கம்பாடி. கடல், கடலை ஒட்டி ஒரு பழைய கோட்டை, மணலில் வலை காய்கிறது. இந்தத் தடவை நான் கதவில் ஒட்டவில்லை. அச்சில் கலர்ப் புள்ளிகளைப் பார்ப்பதற்காக அவர் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற லென்ஸை எடுத்தேன். தாளை வெளிச்சத்தில் விரித்து, கடலும் மணலும் சேருகிற இடம், மணலும் கோட்டையும் சேருகிற இடம், கோட்டையும் வானமும் சேருகிற இடம் என்று ஓர் அங்குலம் விடாமல் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"இதுல ஒட்டு இருக்கா பாருங்க."

குனிந்து பார்த்தார். "ஒரே படம்தான்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "மூணாறுல ரூம் சொல்லியாச்சே" என்றார்.

"ஒங்க ரூமுக்கு நீங்க போங்க. நானும் புள்ளையும் இங்கன போறோம்."

பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து அந்த வீட்டில் விழுந்ததில்லை. மிரட்டுவதற்குச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது, ஏனென்றால் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். அவர் என் கையிலிருந்த லென்ஸை வாங்கினார். தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். நான் உலை வைத்து, சோறு வடித்து, குழம்பை இறக்கும்வரை தேடிக்கொண்டே இருந்தார். ஒட்டு அகப்படவில்லை.